மைனஸ் 196 டிகிரியில் எந்தப் பசை நிற்கும்?

வடநாட்டில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் மார்கழி, தை வந்துவிட்டால் தேங்காய் எண்ணெய்ப் புட்டி கல்லாகிவிடும். அடுப்படியில் கொண்டுபோய் வைத்தால்தான் இளகும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது அந்த எண்ணெயின் குணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், நம் பிள்ளைகள் கணினியை உறைகுளிரில் ஓட்டிப் பார்க்கும் வித்தையில் பாதி விளங்கிவிடும்.

அதென்ன வித்தை? கணினியின் மூளையான பிராசசரை, அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பார்கள். வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும். ஆகவே பிராசசரின் தலைமேல் செம்பில் கடைந்த குவளையை இறுக்கி, அதில் உலர்பனியை (மைனஸ் 78 டிகிரி) இடுவர். அல்லது திரவ நைட்ரஜனை (மைனஸ் 196) ஊற்றுவர். 2011-இல் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-8150 பிராசசர், அதனினும் குளிர்ந்த திரவ ஹீலியத்தின் துணையால் 8.429 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டிக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது.

குவளைக்கும் பிராசசருக்கும் நடுவில் தடவுவது தெர்மல் பேஸ்ட் எனும் வெப்பப்பசை. வழுவழுப்பாய்த் தெரியும் உலோகத்திலும் நுண்ணிய மேடுபள்ளம் உண்டு. பள்ளத்தில் காற்று நிற்கும். வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்புக்குச் சுமார் 400 என்றால், அதே அளவுகோலில் காற்றுக்கு 0.025 தான். அந்தக் காற்றை விரட்டி இடத்தை நிரப்புவதே பசையின் வேலை.

கடைக்குப் போகும் பிள்ளைகள் டப்பாவின் மேலுள்ள கடத்துதிறன் எண்ணைப் பார்த்து, பெரிசா இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். தெரிந்த பையன் ஒருவன் அப்படித்தான் 73 என்று போட்டிருந்த திரவ உலோகத்தை வாங்கிவந்தான். நைட்ரஜன் ஊற்றியதும் கணினி நின்றுபோயிற்று. "பிராசசர் போச்சு மாமா" என்று முகம் வாடி நின்றான். பிராசசருக்கு ஒன்றுமில்லை. அது காலியம் கலந்த உலோகம். தயாரித்தவர்களே 10 டிகிரிக்கு மேல்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். குளிரில் அது உறைந்து பிடிப்பை விட்டுவிட்டது. அலுமினியத்தின் மேல் பட்டால் அதை அரித்தும்விடும்.

சாதாரணப் பசைக்கும் இதே கதிதான். பசை என்பது எண்ணெயும் அதில் குழைத்த தூளும். தூள் வெப்பத்தைக் கடத்தும். குளிரைத் தாங்குவது எண்ணெய். எண்ணெய் இறுகினால் பசை வெடிக்கும். மூடியை நீக்கிச் சில்லின் மேலேயே குவளையை வைத்தால் சோதனை இன்னும் கடுமை. ஏனெனில் குளிரில் செம்பு சிலிக்கானைப்போல் பல மடங்கு சுருங்கும். குவளை மைனஸ் 180 காட்டும்போதே பிராசசரின் சூடு எகிறினால், பசை வெடித்ததென்று கொள்ளலாம்.

வெள்ளி என்றால் உசத்தி என்பது நம் எண்ணம். ஆர்க்டிக் சில்வர் 5 என்ற வெள்ளிப்பசைக்கு விவரத்தாளில் கண்ட கீழெல்லை மைனஸ் 50. அதே நிறுவனத்தின் செராமிக் எனும் பீங்கான் பசைக்கோ மைனஸ் 150. பசை வாங்குமுன் நாம் தேட வேண்டியது இந்தக் கீழெல்லையைத்தான். மைனஸ் 50 வரை போகும் குளிர்ப்பெட்டிக்கு நல்ல பசை பலவும் போதும். நைட்ரஜனுக்கு, மைனஸ் 196-ஐத் தாண்டிய எல்லை வேண்டும். தெர்மல் கிரிஸ்லியின் கிரையோநாட் மைனஸ் 250 வரை குறித்திருக்கிறது, கடத்துதிறன் 12.5. எல்லை பொருந்திய பிறகே கடத்துதிறனை ஒப்பிட வேண்டும். அதையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாய் அளக்கிறார்கள் என்பதால் ஒரு கை உப்போடுதான் கொள்ள வேண்டும்.

தடவுவதிலும் கவனம் தேவை. பரப்பு முழுதும் இடைவெளியின்றிப் பரப்புங்கள். குவளையை நாலு மூலையும் சமமாக இறுக்குங்கள். நைட்ரஜனைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். மீண்டும் தடவுமுன் பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். மூடிய அறையில் அது மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். மணமும் நிறமும் இல்லாததால் தெரியவும் தெரியாது. ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும், கூட ஒரு பெரியவர் இருக்கட்டும். பசை வெடித்தால் மறுபடி தடவிக்கொள்ளலாம்.