எறும்பு போகும் வழி

என் அன்புக் கண்மணிகளே, கண்களை மூடி ஒரு மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிமரம் ஒன்று. கொஞ்சம் மேலே அது இரண்டு கிளையாகப் பிரிகிறது. இடப்பக்கக் கிளையின் நுனியில் ஓர் எறும்பு. வலப்பக்கக் கிளையின் நுனியில் நன்றாகப் பழுத்த ஒரு மாம்பழம். எறும்புக்கோ இறக்கை இல்லை. அது பழத்திடம் எப்படிப் போய்ச் சேரும்?

சபாஷ், சொல்லிவிட்டீர்களே! கிளை பிரியும் கவட்டை வரை இறங்கும். பிறகு மற்றக் கிளையில் ஏறும். இறங்கு, ஏறு. இந்த எறும்பு வழியை மறந்துவிடாதீர்கள். 275 ஆண்டு தூங்கிய ஒரு பட்டத்தை எழுப்பியது இந்த வழிதான்.

வாருங்கள், இங்கிலாந்துக்குப் போவோம்.

அங்கே அந்தக் காலத்தில் அரசர் தமக்கு வேண்டிய பிரபுக்களுக்குப் பட்டம் கொடுப்பார். ட்யூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் என்று ஐந்து படிகள். பட்டம் பெற்றவர் இறந்தால் பெரும்பாலும் மூத்த மகனுக்கு அது போகும். அவருக்குப் பின் அவருடைய மகனுக்கு. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்களே? ஒருவர் ஓடிவந்து கட்டையை அடுத்தவர் கையில் கொடுப்பாரே, அதைப் போலத்தான்.

ஓடுகிறவருக்கு மகனே இல்லாவிட்டால்? நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிற பிள்ளைகளைத்தான் எனக்குப் பிடிக்கும்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கோர்ட்னி என்ற பெரிய குடும்பம் வாழ்ந்தது. அதில் பிறந்த எட்வர்ட் என்ற சிறுவனுக்குச் சுமார் 12 வயது இருக்கும்போது, எட்டாம் ஹென்றி அரசர் அவனுடைய அப்பாவுக்கு மரண தண்டனை கொடுத்தார். சிறுவனையும் லண்டன் கோபுரத்தில் அடைத்துவிட்டார்கள். அவன் செய்த தவறு ஒன்றுமில்லை. உங்கள் வயதில் உள்ளே போனவன், இளைஞனாகத்தான் வெளியே வந்தான். ஏறக்குறைய 15 ஆண்டு!

1553-இல் மேரி அரசியானார். எட்வர்டை விடுதலை செய்தார். டெவன் ஏர்ல் என்ற பட்டமும் கொடுத்தார். ஆனால் மூன்றே ஆண்டில், இத்தாலியில் உள்ள படுவா நகரில், எட்வர்ட் இறந்துபோனார். அவருக்குத் திருமணம் ஆகவில்லை. பிள்ளைகளும் இல்லை. கட்டையை வாங்க ஆள் இல்லை. பட்டம் அதோடு தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

இதுவரை புரிந்ததா? சரி, இப்போது நம் எறும்பைக் கூப்பிடுவோம்.

எட்வர்ட் ஒரு கிளையின் நுனி. அங்கிருந்து அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். 1377-இல் இறந்த ஹ்யூ கோர்ட்னி என்பவரிடம் வந்து நிற்போம். அவரும் டெவன் ஏர்ல்தான். அவர்தான் கவட்டை! அவருடைய ஒரு மகன் வழியில் வந்தவர் எட்வர்ட். இன்னொரு மகன் பிலிப். பிலிப்பின் கிளை மட்டும் பட்டுப்போகவில்லை. எக்ஸ் ஆற்றின் ஓரத்தில், பௌடர்ஹாம் கோட்டையில், அது தலைமுறை தலைமுறையாகத் துளிர்த்துக்கொண்டே இருந்தது.

பட்டம் கொடுத்த பழைய ஆவணத்தை ஒருநாள் எடுத்துப் படித்தார்கள். "இவருக்குப் பிறந்த வழியில் வரும் ஆண் வாரிசுகளுக்கு" என்று எழுதுவதுதான் வழக்கம். எட்வர்டின் ஆவணத்தில் "ஆண் வாரிசுகளுக்கு" என்று மட்டும் இருந்தது. வித்தியாசம் தெரிகிறதா? அவருக்குப் பிறந்தவர்தான் வேண்டும் என்றில்லை. அதே குடும்பத்தின் வேறு கிளையிலும் தேடலாம்! 1831-இல் பிரபுக்கள் சபை இதை ஏற்றுக்கொண்டது. பௌடர்ஹாம் கிளையில் வந்த வில்லியம் கோர்ட்னிக்குப் பட்டம் கிடைத்தது. இன்றும் அது அந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது.

"இந்த எறும்பு வழிக்கு அறிவியலில் என்ன வேலை?" என்று கேட்கிறீர்கள். இதோ சொல்கிறேன்.

2012-இல் லெஸ்டர் நகரில், கார் நிறுத்தும் இடம் ஒன்றைத் தோண்டினார்கள். மண்ணுக்குள் ஓர் எலும்புக்கூடு! 1485-இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்ட் அரசராக இருக்குமோ? எப்படி உறுதி செய்வது?

நம் உடலின் செல்களுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் குட்டி அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுப்புக்குள் அதற்கென்று ஒரு டி.என்.ஏ. உண்டு. சுமார் 16,500 எழுத்துகள் கொண்ட சின்னப் புத்தகம் அது. அந்தப் புத்தகத்தை அம்மாதான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். மகனுக்கும் கிடைக்கும், மகளுக்கும் கிடைக்கும். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க மகளால்தான் முடியும்.

மறுபடியும் எறும்பு வழி! ரிச்சர்டிடமிருந்து அவருடைய அம்மா செசிலியிடம் இறங்கினார்கள். அங்கிருந்து ரிச்சர்டின் அக்கா ஆன் வழியாக ஏறினார்கள். ஆனின் மகள், அந்த மகளின் மகள் என்று ஏறி ஏறி, நம் காலத்து இரண்டு உறவினரிடம் வந்து சேர்ந்தார்கள். எலும்பில் இருந்த புத்தகத்தையும் இவர்களுடைய புத்தகங்களையும் ஒப்பிட்டார்கள். ஒருவருடையது அப்படியே பொருந்தியது. இன்னொருவருடையதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னும்! மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, அவர் ரிச்சர்ட்தான் என்பதை 2014-இல் உறுதிப்படுத்தினார்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள், செல்லங்களே. டெவன் பட்டம் மகன்களை மட்டுமே தேடிப் போனது. மகள்களின் கிளைகளை யாரும் ஏறிப் பார்க்கவில்லை. அந்தப் பௌடர்ஹாம் நிலமே ஹ்யூவின் மனைவி மார்கரெட் கொண்டுவந்த சீர்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா? அதைப் பிலிப்புக்குக் கொடுத்தவரும் அந்த அம்மாதான். மண்ணுக்குள் பெயரில்லாமல் கிடந்த ஓர் அரசருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்ததும், பட்டம் எதுவும் கேட்காமல் அந்தச் சின்னப் புத்தகத்தைச் சுமந்துவந்த மகள்கள்தான்.

இன்று பள்ளி மணி அடித்ததும் நேரே வீட்டுக்குப் போங்கள். அம்மாவின் அம்மா பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய அம்மாவின் பெயர் என்ன? அவருக்கும் அம்மா யார்? பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களுடைய புத்தகம்தான் இப்போது உங்களுக்குள் இருக்கிறது.