விளியும் ஏவலும்

"குமரா, வா" என்னும் சிறு தொடரில் இரு கூறுகள் உள்ளன. 'குமரா' என்பது அழைக்கப்படுவோன் பெயர். அதனை விளி என்பர். 'வா' என்பது அவன் செய்ய வேண்டிய செயல். அதனை ஏவல் என்பர். விளியின்றி 'வா' என்று மட்டும் உரைப்பின், கேட்போர் அனைவரும் தம்மையே அழைத்ததாகக் கருதுவர். ஒரு வகுப்பில் குமரன் என்னும் பெயருடையார் இருவர் இருப்பின், விளி இருந்தும் இருவரும் எழுந்து நிற்பர். மக்களிடையே நேரும் இக்குழப்பம், மக்கள் ஆக்கிய கருவிகளிடையேயும் நேர்கின்றது. மக்கள் 'ரிமோட்' என வழங்கும் தொலை இயக்கியே இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்க நாட்டுச் செனித் நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் பாலி என்னும் பொறியாளர், 1955ஆம் ஆண்டில் ஒளியினால் இயங்கும் தொலை இயக்கி ஒன்றை அமைத்தார். தொலைக்காட்சித் திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின்மீது கைவிளக்கின் ஒளி பட்டால், அதற்குரிய செயல் நிகழும். ஆனால், வெயில் பட்டாலும் அச்செயல் நிகழ்ந்தது! அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆட்லர் என்பார், செவிக்கு எட்டாத நுண்ணொலியைப் பயன்படுத்தினார். இயக்கியினுள் இருந்த சிறு சுத்தியல்கள் அலுமினியக் கோல்களைத் தட்டி அவ்வொலியை எழுப்பின. அம்முறையிலும் ஒரு குறை இருந்தது. சாவிக்கொத்தோ நாணயங்களோ குலுங்கும் ஓசையையும் சிலவேளை கட்டளையென மயங்கித் தொலைக்காட்சி இயங்கியது. இவ்விரு கருவிகளிலும் ஏவல் இருந்ததேயன்றி விளி இல்லை. ஆகலின், எவ்வொளியும் எவ்வொலியும் கட்டளையாயின.

இக்குறையை நீக்கியது பிற்காலத்தில் பரவிய அகச்சிவப்புக் கதிர் முறையாகும். இக்கதிர் கண்ணுக்குப் புலனாகாது. பெரும்பாலான இயக்கிகள் இதனை நொடிக்கு 36,000 முதல் 40,000 முறை வரை மின்னச் செய்கின்றன. அவ்விரைவில் மின்னும் கதிரையே கருவி ஏற்றுக்கொள்ளுதலின், வெயிலும் விளக்கொளியும் அதனை எளிதில் மயக்குவதில்லை. இம்மின்னல்களை விட்டுவிட்டு அனுப்பி, இடைவெளியின் நீட்டத்தாலும் குறுக்கத்தாலும் எண்களை உணர்த்துவது ஒரு முறை. பரவலாக வழங்கும் என்.இ.சி. முறையில் ஒவ்வொரு கட்டளையும் 32 குறிகளால் ஆயது. முதற்பகுதி கருவியின் பெயரெண், பிற்பகுதி செயலெண். முன்னது விளி, பின்னது ஏவல். 'குமரா, வா' என்னும் தொடரின் அமைப்பே இதுவும் அன்றோ?

விளி அமைந்த பின்னும் குழப்பம் நேர்வது ஏன்? பெயரெண்கள் அளவுடையன. பிலிப்ஸ் நிறுவனத்தார் வகுத்த ஆர்.சி. 5 முறையில் 32 பெயரெண்களே உள்ளன. மேலும், ஒரு நிறுவனத்தார் தாம் செய்யும் ஒருவகைக் கருவிகள் பலவற்றிற்கும் ஒரே பெயரெண்ணை இடுவதுண்டு. ஓர் இயக்கி பழுதுபட்டால் அவ்வகையைச் சேர்ந்த வேறோர் இயக்கி உதவும் என்பது இதன் நன்மை. ஆயின், ஒரே வகைக் கருவிகள் இரண்டு ஓர் அறையில் இருப்பின், அந்நன்மையே இடையூறாகிவிடுகின்றது. ஒன்றில் ஓடும் படத்தை நிறுத்த எண்ணிப் பொத்தானை அழுத்தினால், மற்றொன்றில் நிகழ்ந்துகொண்டிருக்கும் பதிவும் நின்றுபோகும். மீண்டும் கிடைத்தற்கரிய நிகழ்ச்சி ஒன்று இங்ஙனம் பாதியில் அறுபட்டால், அவ்விழப்பு சிறிதன்று.

இத்தகைய இடத்துக் கருவி பழுதுற்றது என்று முடிவு செய்தல் கூடாது. முதலில் காரணத்தை ஆராய்தல் வேண்டும். கதிர் ஏற்கும் சிறு சாளரம் ஒவ்வொரு கருவியின் முகப்பிலும் உண்டு. ஒன்றன் சாளரத்தைத் தடித்த அட்டையால் முற்றும் மூடி, மற்றொன்றன் இயக்கியை அழுத்திப் பார்க்க வேண்டும். பின்னர், அட்டையை மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். மூடாதபோது ஒரே அழுத்தத்திற்கு இரண்டும் இயங்கி, மூடியபோது மூடப்பட்டது மட்டும் வாளா இருப்பின், இரண்டும் ஒரே விளியை ஏற்கின்றன என்பது தெளிவாகும். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் எல்லாம் இக்கதிரைத் தடுக்கும் என்று எண்ணலாகாது. சாளரத்தை மூடியிருக்கும் கருநிறத் தகடு கதிரை உள்ளே விடுவதற்கென்றே அமைக்கப்பட்டதாகும்.

காரணம் தெளிந்தபின் தீர்வு எளிது. இரு குமரர்க்கும் தலைப்பெழுத்தைச் சேர்த்து ஆசிரியர் அழைப்பது போல, ஒரு கருவிக்கு வேறு பெயரெண் அளித்தலே முதன்மையான வழி. பதிவுக் கருவிகள், ஒலிபெருக்கும் கருவிகள் முதலியவற்றுள் பலவற்றில் இதற்கான அமைப்பு உண்டு. கையேட்டில் அது 'ரிமோட் ஐடி' என்றோ 'ரிமோட் கோடு' என்றோ குறிக்கப்பட்டிருக்கும். மாற்றத்தைக் கருவியிலும் இயக்கியிலும் ஒருங்கே செய்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால், அழைப்போன் ஒரு பெயர் கூற, கேட்போன் வேறு பெயருக்குக் காத்திருக்கும் நிலை உண்டாகும். மின்கலம் மாற்றுங்கால் சில இயக்கிகள் புதுப் பெயரை மறந்து பழம்பெயருக்கே மீளும். அப்போது மறுபடியும் பதிதல் வேண்டும்.

பெயரெண்ணை மாற்றும் வாய்ப்பில்லாத கருவிகளும் உள. அவற்றிற்குத் தடுப்பே வழியாகும். கதிர் சுவரில் பட்டுத் திரும்பும் இயல்பினதாகலின், இயக்கியை வேறு பக்கம் திருப்பிப் பிடித்தல் மட்டும் போதாது. ஒரு கருவியை வேறு அறைக்கு மாற்றலாம். கதிர் சுவரை ஊடுருவாது. அன்றி, கதிர் உமிழும் சிறு விளக்கைக் கம்பி வழியாகக் கொணர்ந்து உரிய சாளரத்தின்மீதே ஒட்டி, அதனைச் சூழ மறைத்தும் விடலாம். பல கருவிகளை இயக்கவல்ல பொது இயக்கியை வாங்கினாலும் இக்குறை தானாக நீங்காது. அழைக்கும் வாய் மாறுமேயன்றி, அழைக்கப்படும் பெயர் மாறாது.

கருவிக்கு எண்ணும் ஆற்றல் இல்லை; தனக்குரிய பெயர் கேட்டதும் பணிவதே அதன் இயல்பு. ஆகவே, இருகருவியும் ஒருங்கே பணிந்தபோது அவை தம் கடமையில் தவறவில்லை. சொல்லியவர் சொல்லிலேதான் தெளிவு இல்லை. ஏவல் செவ்வனே நிறைவேற வேண்டுமாயின், விளி ஐயமின்றி அமைதல் வேண்டும்.