கையெழுத்துக்கு முன்பணம் கேட்டால்

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் சிக்னல் கிடைத்ததும் செல்போனில் வந்து விழும் செய்திகளில் ஒன்று இப்படி இருக்கலாம்: "உங்கள் அபிமான நடிகர் வேலூர் வருகிறார். 50 ரசிகர்களுக்கு மட்டும் நேரில் சந்திக்கும் வாய்ப்பு. உடன் நின்று ஒரு புகைப்படம், பழைய படத்தின் போஸ்டரில் கையெழுத்து. பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். இன்று மாலையுடன் முடிகிறது." கீழே நடிகரின் சிரித்த முகம். அதற்கும் கீழே ஒரு க்யூஆர் கோடு.

இதை நம்புகிறவரை ஏமாளி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது, திருவிழாவில் திரை கட்டிப் போட்ட படத்திலோ, வாடகைக்கு எடுத்த டெக்கில் விடியவிடியவோ பார்த்த முகம். முப்பது நாற்பது வருடமாக மனசுக்குள் இருக்கும் ஆளை ஒருமுறை பக்கத்தில் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? மோசடிக்காரன் அந்த ஆசையைத்தான் விலை பேசுகிறான். பணம் போன பிறகு, 'சினிமாப் பைத்தியம், உனக்கு நல்லா வேணும்' என்று வீட்டில் சொல்வார்களே என்ற கூச்சத்தில் ஏமாந்தவர் வாயே திறப்பதில்லை. இந்தக் கூச்சம்தான் அவனுக்கு மூலதனம். சட்டம் அப்படிச் சிரிப்பதில்லை. ஓடாத மிக்சியை விற்றவனும் நடக்காத சந்திப்பை விற்றவனும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

நிஜமான ரசிகர் சந்திப்புக்கு ஒரு நடைமுறை உண்டு. 2017 மே மாதம் ரஜினிகாந்த் கோடம்பாக்கம் ராகவேந்திரா கல்யாண மண்டபத்தில் ரசிகர்களைச் சந்தித்தார். டிசம்பர் 26 முதல் 31 வரை மறுபடியும் சந்தித்தார். மாவட்ட வாரியாக நாள் ஒதுக்கினார்கள். அழைப்பு ரசிகர் மன்ற நிர்வாகிகள் வழியாக வந்தது, அனுமதி அட்டை வைத்திருந்தவர்கள் உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். யார் கூப்பிட்டார், எந்த மண்டபம், எந்தத் தேதி என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாக இருந்தது. உங்களுக்கு வந்த அழைப்பு நடிகரின் உறுதிசெய்யப்பட்ட சமூக ஊடகப் பக்கத்தில் இல்லை, மாவட்ட மன்றத்துக்கும் தெரியாது, அந்த மண்டபத்துக்குப் போன் செய்தால் அங்கே முன்பதிவும் இல்லை என்றால், அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

கடைத் திறப்பு, கோயில், படப்பிடிப்பு என்று தற்செயலாகப் பார்க்கும் இடங்களில் கையெழுத்துக் கேட்கலாம்; போட மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. படப்பிடிப்பைப் பார்க்கப் போகும் ஆர்வத்தில் காப்புக்காட்டுக்குள் நுழைந்துவிடவும் வேண்டாம். படக்குழுவுக்கு வனத்துறை கொடுத்த அனுமதி உங்களையும் சேர்த்துக் கொடுத்ததல்ல.

பணம் கொடுத்த நிமிடத்தில் நிலைமை மாறிவிடுகிறது. அதுவரை ரசிகராக இருந்தவர் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகிறார். சொன்ன சேவை கிடைக்காவிட்டால் அது சேவைக் குறைபாடு. பொய்யான விளம்பரம் தனிக் குற்றச்சாட்டு. 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது' என்று டிக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்து அடங்கிப் போக வேண்டியதில்லை. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று அதே சட்டம் சொல்கிறது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்கியும் கூட்டத்தில் உள்ளேயே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். அவர்களிடம் ரகுமான் தரப்பு முதலில் கேட்டது டிக்கெட்டின் நகலைத்தான். ஆகவே துண்டுச் சீட்டானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

இனி கையெழுத்து. சந்திக்க முடியாதவர்களைக் குறிவைத்து இன்னொரு வியாபாரம் நடக்கிறது: ஏற்கெனவே கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்படும் படங்கள், போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்கள். 2025 செப்டம்பரில் நடிகர் அபிஷேக் பச்சன் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது அவர் தரப்பு சொன்ன புகார்களில் ஒன்று, தான் கையெழுத்திட்டதுபோலப் போலிப் படங்களைத் தயாரிக்கிறார்கள் என்பது. அவருடைய பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது. அமெரிக்காவில் இது பழைய தொழில். 1990-களில் அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்கப் போனபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூட அகப்பட்டன. கொல்கத்தாவில் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேஸ்பாலில் எப்போது கையெழுத்துப் போட்டார் என்று வாங்கியவர்கள் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

நாமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. ஜெய்சங்கர் 2000-ல், சிவாஜி கணேசன் 2001 ஜூலையில், நாகேஷ் 2009 ஜனவரியில். நேற்றைய டிஜிட்டல் அச்சில் பளபளக்கும் தாளில் எம்.ஜி.ஆர். கையெழுத்து இருந்தால் அதற்குப் பூதக்கண்ணாடியே தேவையில்லை. மற்றவற்றுக்குப் பூதக்கண்ணாடி எடுங்கள். கையெழுத்துக் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது படத்தோடு சேர்த்து அச்சான கையெழுத்து. பேனாவால் போட்டிருந்தால் மை தாளுக்கு மேலே தனியாகப் படிந்திருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் வேறு மாதிரி மின்னும். பந்துமுனைப் பேனா என்றால் பின்பக்கம் லேசான அழுத்தம் விரலுக்குத் தட்டுப்படும். ஒரே விற்பனையாளரிடம் உள்ள பத்துப் படங்களிலும் கையெழுத்து எழுத்துக்கு எழுத்து, சாய்வுக்குச் சாய்வு அச்சாக ஒன்றாக இருந்தால் அது முத்திரையோ இயந்திரமோ போட்டது. மனிதக் கை ஒரே மாதிரி இரண்டு முறை எழுதாது.

ரசிகர் கடிதத்துக்குப் பதிலாக அந்தக் காலத்தில் தபாலில் வந்த படங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடிதங்கள் மூட்டைகளாக வந்தபோது அச்சிட்ட கையெழுத்தோடு படம் அனுப்புவதும், உதவியாளரே கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் இருந்த வழக்கம். உங்கள் அப்பா பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் படம் அப்படிப்பட்டதாக இருந்தால் அதில் யாரும் அவரை ஏமாற்றவில்லை. வைத்துக்கொள்ள அது அருமையான பொருள்தான். அதை ஐம்பதாயிரத்துக்கு 'அசல்' என்று உங்களிடம் ஒருவர் விற்க வரும்போதுதான் வம்பு. 'உண்மைச் சான்றிதழ்' என்ற காகிதத்தைச் சேர்த்துக் கொடுத்தாலும் மயங்க வேண்டாம். கையெழுத்தையே போலியாகப் போடுகிறவனுக்குச் சான்றிதழ் அச்சடிப்பது பெரிய வேலையா? சான்றிதழைவிட அந்தப் பொருள் வந்த வழி முக்கியம்: யார் வாங்கினார், எங்கே, எப்போது, கையெழுத்துப் போடும்போது எடுத்த படம் இருக்கிறதா? நீங்களே நேரில் வாங்கினால் அந்தத் தருணத்தை ஒரு படம் எடுத்து, தேதியையும் இடத்தையும் தனித் தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாது.

கையெழுத்து வாங்கிய பொருள் உங்கள் சொத்து. விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அதிலுள்ள படத்தின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடவில்லை. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும், புகைப்படத்துக்கு எடுத்தவரின் ஆயுளும் அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அதோடு, நடிகரின் பெயரும் முகமும் அவருடைய உரிமை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் ரஜினிகாந்தின் வழக்கிலேயே ஏற்று, அவர் பெயரைத் தலைப்பில் வைத்த ஒரு இந்திப் படத்துக்குத் தடை விதித்தது. வீட்டுச் சுவரில் மாட்டலாம். கையெழுத்தை பனியனில் அச்சடித்து மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் விற்பது வேறு விஷயம்.

குரலையும் முகத்தையும் இப்போது கணினியே செய்து தருகிறது. அமிதாப் பச்சன் 2022 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், அவர் படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிய போலி லாட்டரி. பிரான்ஸில் ஒரு பெண்மணி, ஹாலிவுட் நடிகர் பிராட் பிட்டே தன்னோடு பேசுவதாக நம்பி எட்டு லட்சம் யூரோவுக்கு மேல் இழந்த செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. அதனால் நடிகரே வீடியோ காலில் வந்தாலும் பணம் அனுப்ப வேண்டாம். 'கையெழுத்துப் போட்ட பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது' என்று அடுத்து வரும் அழைப்பும் அதே ஆளுடையதுதான். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. பேச்சு 'உங்கள் பெண்ணுக்குப் படத்தில் வாய்ப்பு' என்று திரும்பி, புகைப்படங்கள் கேட்டால் உடனே தொடர்பைத் துண்டித்துக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து கூட்டம். 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்குக்கு அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் இறந்தார், அவர் மகன் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய்யைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் 41 உயிர்கள் போயின. நாற்புறமும் உடல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவர இடமில்லாத நிலை வந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் நினைத்த பக்கம் நகர முடியாது. மூச்சுத் திணறல்தான் உயிரைக் குடிக்கிறது. அந்த நிலை வருவதற்கு முன்பே ஓரமாக வெளியேறிவிட வேண்டும். கைக்குழந்தையோடு போகவே வேண்டாம்.

ஜவ்வாது மலைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. கீழே இறங்க பஸ் இல்லாத நேரத்தில் ஊரே சேர்ந்து சரக்கு வேனில் ஏறிவிடுகிறோம். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பகுதியில் மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்ததை மலை இன்னும் மறக்கவில்லை. சரக்கு வண்டியில் வெறும் பயணியாக ஏறியவருக்கு இழப்பீடு தர காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. நடிகரைப் பார்க்கப் போகும் வேனுக்கும் அதே தீர்ப்புதான்.

பணம் போய்விட்டது என்று வையுங்கள். முதல் வேலை சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைப்பது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் முடக்கினால்தான் உண்டு. அதனால் மணிக்கணக்கு முக்கியம். மலையில் சிக்னல் இல்லையென்றால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு சிக்னல் உள்ள இடத்துக்கு நடந்துபோய் அழையுங்கள், அல்லது வெளியூரில் இருக்கும் உறவினரை அழைக்கச் சொல்லுங்கள். இணையத்தில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த எண்ணை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்களே அனுப்பிய பணம் என்பதால் வங்கி கையை விரிக்கலாம். அதற்காகப் புகாரை விட வேண்டியதில்லை.

அடுத்தது காவல் நிலையம். ஏமாற்றியவன் சென்னையிலோ ஜார்க்கண்டிலோ இருக்கட்டும், ஜமுனாமரத்தூர் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இருக்கிறது. பதிய மறுத்தால் புகாரை எழுதித் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்; அங்கும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். மோசடி, ஆள்மாறாட்டம் இரண்டும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 பிரிவுகளில் வருகின்றன. மோசடிக்கு ஏழாண்டு வரை சிறை. கணினி, செல்போன் வழியான ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு தனியாக இருக்கிறது.

விற்றவர் முகவரியோடு இருக்கும் நிறுவனமோ நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோ என்றால் நுகர்வோர் ஆணையம்தான் நல்ல வழி. முதலில் 1915 உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். சில நேரம் அதிலேயே பணம் திரும்பிவிடும். இல்லையென்றால் வழக்கு. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான மாவட்ட ஆணையத்திலேயே தொடரலாம். திருவண்ணாமலை மாவட்டப் பகுதியில் இருப்பவர் சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும்.

வக்கீல் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் செலவில்லை. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு, பட்டியல் பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறது. ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர் என்பதால் சாதிச் சான்றிதழ் ஒன்றே போதும். அழைக்க வேண்டிய எண் 15100. நேரில் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். போகும்போது பணம் அனுப்பியதற்கான ஆதாரம், வந்த செய்திகளின் நகல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.