ஓடும் எலி, ஓடாத எலி!

மாணவச் செல்வங்களே, முதலில் ஒரு சின்ன வேலை. இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். குதிகாலை உயர்த்தி, நுனிக்காலில் நின்றபடி முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருக்கிறதே, அதுதான் கெண்டைக்கால் சதை. இதைப் போன்ற சதைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால், நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1990-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். விளையாட்டுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. பி.டி. பீரியடும் என் தலையில்தான். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஓடவிட்டால் எப்போதும் கடைசி. பாதி மைதானத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். அவன் அண்ணனும் என்னிடம் படித்தவன்தான்; அவனும் அப்படியே. ஒரு நாள் எல்லார் முன்னாலும், "உங்க பரம்பரைக்கே ஓட்டம் வராதுடா, போய் உக்காரு" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதன் பிறகு பி.டி. பீரியட் வந்தால், அவன் தானாகவே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். மற்றவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்குக் காவல் இருப்பான். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை அதேதான். நானோ, 'பொறுப்பான பையன்' என்று நினைத்துக்கொண்டேன்!

பரம்பரைக்கே ஓட்டம் வராது என்று நான் சொன்னது சரியா? இந்தக் கேள்விக்குச் சில எலிகள் பதில் வைத்திருக்கின்றன.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் டொலிடோ என்று ஒரு நகரம். அங்கே 1996-இல் லாரன் கோக், ஸ்டீவன் பிரிட்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 186 எலிகளை வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தயம் நடத்தினார்கள். மைதானத்தில் அல்ல, டிரெட்மில்லில். உடற்பயிற்சிக் கூடங்களில் பார்த்திருப்பீர்களே, நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் பட்டை, அதுதான். சற்றே மேட்டில் ஏறுவதுபோல அதைச் சாய்த்து வைத்தார்கள். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, நிமிடத்துக்கு 1 மீட்டர் கூடும். எலி 'இனி முடியாதப்பா' என்று நிற்கும்வரை ஓடவேண்டும். ஐந்து நாள் இப்படி ஓடவிட்டு, அதில் நீண்ட ஓட்டத்தைக் கணக்கில் எடுத்தார்கள்.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? நன்றாக ஓடியவற்றில் 13 ஆண், 13 பெண் எலிகளைத் தனியாக எடுத்து ஜோடி சேர்த்தார்கள். மிகக் குறைவாக ஓடியவற்றிலும் அதேபோல 13 ஜோடி. குட்டிகள் வளர்ந்ததும் அவற்றுக்கும் பந்தயம். ஓடும் குட்டிக்கு ஓடும் குட்டி, ஓடாத குட்டிக்கு ஓடாத குட்டி என்று மறுபடியும் ஜோடி. இப்படியே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த எலிகளுக்கு யாரும் ஓட்டப் பயிற்சி கொடுக்கவில்லை. சோதனைக்காக ஓடியதோடு சரி. சாப்பாடும் கூண்டும் ஒரே மாதிரி. அப்படியிருந்தும் 11 தலைமுறை ஆனபோது, ஓடும் எலி ஓடாத எலியைப்போல ஏறக்குறைய நாலரை மடங்கு தூரம் ஓடியது! ஓடாத எலிகளுக்கு ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது. அவற்றின் ஆயுளும் குறைவு என்று 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆக, 'தம்' என்று நாம் சொல்கிறோமே, ஆக்சிஜனை இழுத்துச் சதைக்குக் கொடுத்து நீண்ட நேரம் ஓடும் திறன், அது பரம்பரையாக வருவது உண்மைதான். நான் சொன்னதில் இந்தப் பாதி சரி. மறுபாதிக்குப் போவதற்கு முன்னால் ஒரு நூலகத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

பள்ளி நூலகத்தில் சில பெரிய புத்தகங்களை வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். வேண்டிய பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போகலாம். நம் உடம்பின் செல்லும் அப்படித்தான். அதன் உட்கருதான் நூலகம். அங்கே டி.என்.ஏ. என்கிற பெரிய புத்தகம் இருக்கிறது. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று வந்த புத்தகம். அதில் சுமார் 20,000 செய்முறைகள். ஒவ்வொரு செய்முறையும் ஒரு மரபணு. இந்தப் புரதத்தை இப்படிச் செய் என்று அதில் எழுதியிருக்கும். புத்தகம் உட்கருவை விட்டு வெளியே வராது. ஆர்.என்.ஏ. என்ற நகல்தான் வெளியே வரும். அந்த நகலைப் பார்த்துத்தான் செல் புரதம் தயாரிக்கிறது.

உங்கள் கண்ணிலும் கெண்டைக்காலிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். ஆனால் கண் நகல் எடுக்கும் பக்கங்கள் வேறு, கால் நகல் எடுக்கும் பக்கங்கள் வேறு. எந்தப் பக்கத்துக்கு எத்தனை நகல் எடுக்கிறது என்பதைத்தான் 'மரபணு வெளிப்பாடு' என்று சொல்வார்கள். (பெரிய வகுப்புக்குப் போகும்போது இந்தச் சொல் வரும். அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்!)

இப்போது ஓடாத எலியின் சதைக்குள் பார்ப்போம். மைட்டோகாண்ட்ரியா பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து சக்தியெடுக்கும் குட்டி அடுப்பு அது. புது மைட்டோகாண்ட்ரியாக்களை உருவாக்கச் சொல்லி உத்தரவு போடும் மேஸ்திரி ஒருவர் உண்டு. பெயர் பி.ஜி.சி.-1 ஆல்ஃபா. பஸ் நம்பர் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? விஞ்ஞானிகள் பெயர் வைத்தால் அப்படித்தான். ஓடாத எலிகளின் கால் சதையில் இந்தப் புரதம் குறைவாக இருந்ததை 2005-இல் கண்டார்கள். மேஸ்திரி பற்றாக்குறை. அதனால் அடுப்பு வேலைக்கான மற்றப் புரதங்களும் குறைவு.

சரி, மேஸ்திரியைக் கூட்ட வழி இருக்கிறதா? இருக்கிறது. சதை வேலை செய்தால் போதும். நாம் ஓடும்போது சதைக்குள் கால்சியம் அலை அலையாகப் பாய்கிறது. சேமித்த சக்தியும் வேகமாகக் கரைகிறது. 'சரக்கு தீர்கிறது' என்ற செய்தி உட்கருவுக்குப் போகிறது. உடனே அந்தப் பக்கத்தைத் திறந்து நகல் எடுக்கும் வேலை ஆரம்பம். ஓட்டம் முடிந்த சில மணி நேரத்தில், பி.ஜி.சி.-1 ஆல்ஃபாவின் நகல்கள் பல மடங்கு கூடிவிடும். நீங்கள் மாலையில் விளையாடிவிட்டு வீட்டுப் பாடம் எழுதும்போது, உங்கள் கால் சதையில் ஜெராக்ஸ் கடை மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்! ஆனால் மறுநாளுக்குள் நகல்கள் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் மட்டும் ஓடிப் பழகினால் போதாது என்பதற்கு இது ஒரு காரணம்.

சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் இதை வேடிக்கையான ஒரு முறையில் சோதித்தார்கள். 23 பேரை அழைத்து, ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. ஒரு தடவைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு நாலு நாள், மூன்று மாதம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தொடைச் சதையில் துளியளவு எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு காலும் ஒரே ஆளுடையது. அப்பா அம்மாவும் ஒருவரே, சாப்பாடும் தூக்கமும் ஒன்றே. வித்தியாசம் பயிற்சி மட்டும்தான். எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை, பாருங்கள்!

2014-இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற காலில் ஏறக்குறைய 4,000 மரபணுக்களின் நகல் அளவு மாறியிருந்தது. டி.என்.ஏ.மீது மீத்தைல் என்ற சின்னச் சின்ன வேதிக்குறிகள் ஒட்டியிருக்கும். புத்தகத்தில் நாம் செருகிவைக்கும் அடையாளச் சீட்டு மாதிரி. அவையும் ஏறக்குறைய 5,000 இடங்களில் மாறியிருந்தன. புத்தகத்தின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. சீட்டுகள்தான் இடம் மாறின.

அப்படியானால் ஓடாத எலிக்குப் பயிற்சி கொடுத்தால்? அதையும் செய்தார்கள், நார்வே நாட்டு ட்ரொண்ட்ஹைமில். பல தலைமுறையாக ஓடாத பரம்பரையில் வந்த எலிகளை, கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மெதுவாக என்று மாற்றி மாற்றி எட்டு வாரம் ஓடவிட்டார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 45 சதவீதம் கூடியது! அதே தூரத்தை ஒரே சீராக, மிதமாக ஓடிய எலிகளுக்கு 10 சதவீதம்தான் கூடியது. இது 2009-இல் வெளிவந்த ஆய்வு.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. பயிற்சியின் பலனும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வெளியானது. அவர்கள் நிமிடத்துக்குப் பயன்படுத்தும் ஆக்சிஜன் சராசரியாக 400 மில்லிலிட்டர் போலக் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. சிலருக்குக் கூடவே இல்லை என்று சொல்லலாம். ஒரே குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே மாதிரி முன்னேறினார்கள். ஆகவே உங்கள் தோழி இரண்டு வாரத்தில் எட்டும் தூரத்தை எட்ட உங்களுக்கு இரண்டு மாதம் ஆகலாம். அது உங்கள் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொல்வது வாத்தியாராக இருந்தாலும் சரி.

வேப்பமரத்தடிப் பையனுக்கு நான் செய்த தப்பு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் கையில் இருந்த புத்தகம் எப்படிப்பட்டது என்று நான் சொன்னது ஒருவேளை சரியாக இருக்கலாம். ஆனால் அதைத் திறக்கவே விடாமல் மூன்று வருடம் உட்கார வைத்தது நான்தானே? இதையெல்லாம் என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் உயிரியல் ஆசிரியை. அந்தப் பையனுக்கு இப்போது 45 வயதுக்கு மேல் இருக்கும். எந்த ஊரில் இருக்கிறானோ. இருக்கும் இடம் தெரிந்தால், இந்த எலிக் கதையை முதலில் அவனிடம்தான் சொல்லியிருப்பேன்.

ஸ்டாக்ஹோம் கதையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒன்பது மாதம் சும்மா இருக்கச் சொன்னார்கள். திரும்பவும் பார்த்தால், பழகிய காலின் நகல் கணக்கு பழகாத காலின் கணக்கைப் போலவே ஆகிவிட்டிருந்தது! பிறகு 12 பேர் மறுபடியும் வந்து இரண்டு காலுக்கும் பயிற்சி எடுத்தார்கள். இந்த முறை இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே மாறின.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். (இளைப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.) வீட்டுப் பக்கத்து மைதானத்தில் நிற்காமல் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். வாரத்துக்கு நாலு நாள், அந்த எலிகள் மாதிரி, கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெது என்று ஓடுங்கள். எட்டு வாரம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். அண்ணன் எத்தனை சுற்று ஓடினான் என்று அந்த நோட்டில் எழுத வேண்டாம்.