தலைநீர்க்கோவையும் வடிகுழாயின் பழுதும்

மூளையறைகளில் மூளைய முண்ணாண் பாய்பொருள் மிகையாகத் தேங்குவதே தலைநீர்க்கோவை. அதனை வடிப்பதற்கான சிலிக்கோன் வால்வை, நோயுற்ற தம் மகனின் பொருட்டு 1956 இல் உருவாக்கியவர் ஜோன் ஹோல்ற்றர் என்னும் அமெரிக்க இயந்திரத் தொழிலாளி.

எனினும், சிறுவர்க்குப் பொருத்தப்படும் வடிகுழாய்களுள் ஏறத்தாழ அரைவாசி ஈராண்டுக்குள் அடைபட்டோ, கழன்றோ, தொற்றுற்றோ செயலிழக்கின்றன. விலை உயர்ந்தது பழுதுறாது என்பதும் மெய்யன்று. உகண்டாவில் 195 சிறுவரிடையே நிகழ்ந்து 2005 இல் வெளிவந்த ஆய்வில், மலிவான இந்திய 'சாப்ரா' வடிகுழாயின் ஓராண்டுப் பெறுபேறு, பன்மடங்கு விலையுடைய மேலைநாட்டு வடிகுழாயினதற்குக் குறைந்ததாகக் காணப்படவில்லை.

ஆகவே, பழுதினை விரைந்தறிதலே உயிர்காப்பது. பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமமொன்றில் அதனை முதலிற் காண்பவள் தாயே. வாந்தி, தலைவலி, மிகுந்த உறக்கம் ஆகியவற்றை அவள் சாதாரண காய்ச்சலெனக் கொள்ளின் காலம் கடந்துவிடும். இவ்வறிகுறிகளைத் தமிழில் எழுதி அவளிடம் கையளிப்பதும் சத்திரசிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எமது துணிபு.