உழவு இயந்திரத்தின் பற்றரி

கொக்குவிலுக்குத் திரும்பிய நீங்கள், கொட்டிலில் விட்டுப்போன சிறிய உழவு இயந்திரத்தை மறுபடி ஓட்ட எண்ணியிருப்பீர்கள். பற்றரி வருடக்கணக்கில் சும்மா கிடந்திருந்தால் ஈயத் தகடுகளில் சல்பேற்று இறுகியிருக்கும். அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். சில மாதங்கள்தான் நின்றதென்றால் முயன்று பார்க்கலாம். மீற்றரில் 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழென்றால் அன்றே சார்ஜ் ஏற்றுங்கள்.

50 அம்பியர்-மணி பற்றரிக்கு 5 அம்பியர் போதும். அவசரப்பட்டுக் கூட்டினால் தகடுகள் கெடும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன் வாயு ஒரு பொறியிலேயே வெடிக்கும். ஆகவே காற்றோட்டமான இடத்தில், மூடிகளைத் தளர்த்தி வையுங்கள். நமது ஊர் சுருட்டுக்குப் பேர்போனதுதான், ஆனாலும் அங்கே பற்றவைக்காதீர்கள்.

தண்ணீரில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் பற்றரிக்கு உதவாது. கடையில் "அசிட் அல்ல, காய்ச்சி வடித்த நீர்" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூடுமளவுக்கு விட்டு, மிகுதியைச் சார்ஜ் ஏறியபின் விடுங்கள்.

வயரைக் கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில். முனைகளில் பூத்த தூளை அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, துடைத்து, வஸ்லின் பூசுங்கள். உழவில்லாத நாட்களில் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

செத்த பற்றரியை வளவில் உடைக்காதீர்கள், ஈயம் கிணற்றுக்குப் போய்ச் சேரும். முழுதாகவே பற்றரிக் கடையில் கொடுங்கள். பழைய ஈயத்துக்கு விலையுண்டு.