செங்கல் கேட்பவர் வைக்கோலும் தரவேண்டும்

கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டிலிருந்து வேலை: ஒரு சிந்தனை



விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தில் ஒரு தொழில் தகராறு வருகிறது. எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரயேல் மக்கள் செங்கல் அறுத்துக் கொண்டிருந்தார்கள். அதுவரை வைக்கோல் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்தால்தான் கல் காயும்போது வெடிக்காமல் நிற்கும். ஆண்டவரை வழிபட மூன்று நாள் பயணம் போக மோசே அனுமதி கேட்டதும் பார்வோனுக்குக் கோபம் வந்தது. இனி வைக்கோல் கிடையாது, அவர்களே தேடிக்கொள்ளட்டும், ஆனால் கணக்கில் ஒரு கல்லும் குறையக்கூடாது என்று உத்தரவிட்டான் (விப 5:6-9).

செங்கல் சூளைகள் நிறைந்த நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தப் பகுதியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வேலையைக் கேட்பது அநியாயம் அல்ல. வேலைக்கு வேண்டியதைத் தராமல் வேலையை மட்டும் கேட்பதே அநியாயம். 2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்று வந்தபோது இதே கேள்வி புதிய வடிவில் எழுந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று சொன்ன நிறுவனங்கள், அதற்கு வேண்டிய வைக்கோலைக் கொடுத்தனவா?

ஒரே இரவில் மாறிய வேலை

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் உரையாற்றினார். அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. நம் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மார்க்கங்களில் புறநகர் மின்சார ரயில்கள் நின்றுபோயின. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து திருப்பலி கண்டோம். தமிழ்நாட்டின் எல்லா ஆலயங்களும் திறக்க அந்த ஆண்டு செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கணினித் துறையிலும் அழைப்பு மையங்களிலும் வேலை செய்த நம் பிள்ளைகளுக்கு வீடே அலுவலகம் ஆயிற்று. பல நிறுவனங்கள் மேசைக் கணினிகளையே வண்டியில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பின. அழைப்பு மையப் பணியை வீட்டிலிருந்து செய்ய அதுவரை தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் பெரும் தடையாக இருந்தன. மார்ச் மாதம் அவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. நவம்பர் 2020இல் விதிகளே பெருமளவு எளிமையாக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, தேவை வந்தபோது சில வாரங்களில் முடிந்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

ஊழியரின் ஊரைத் தேடிப்போன நிறுவனம்

நம் தமிழ்நாட்டிலேயே கவனிக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டு ஜோஹோ. கூடுவாஞ்சேரி அருகே தலைமை அலுவலகம் கொண்ட மென்பொருள் நிறுவனம் இது. ஊரடங்கு அறிவிக்கப்படும் முன்பே, மார்ச் மாதத் தொடக்கத்தில், தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்தபடி கூட்டம் நடத்தவும் கோப்புகளைப் பகிரவும் உதவும் தன் மென்பொருள்களை ஒரு தொகுப்பாக்கி, மற்ற நிறுவனங்களுக்கும் சில மாதங்கள் இலவசமாகக் கொடுத்தது.

அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. ஊரடங்கில் ஊழியர்களில் பலர் சென்னையை விட்டுச் சொந்த ஊர் போயிருந்தார்கள். அங்கே எல்லார் வீட்டிலும் தனி அறை இல்லை. இணைய வசதியும் சீராக இல்லை. இதைக் கண்ட நிறுவனம், ஊழியர்களின் ஊர்களுக்கு அருகிலேயே சிறு அலுவலகங்களைத் திறக்கத் தொடங்கியது. இந்த யோசனை திடீரென்று வந்ததல்ல. தென்காசியில் 2010களின் தொடக்கத்திலேயே அது ஓர் அலுவலகத்தை நடத்தி வந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, பெருந்தொற்றுக்கு முன்பே, 2019இல், தென்காசி அருகேயுள்ள மத்தளம்பாறைக்குக் குடிவந்திருந்தார். பழைய அனுபவம் நெருக்கடியில் கைகொடுத்தது.

ஒரு நிறுவனத்தைப் புகழ்வது நம் நோக்கமல்ல. ஊழியர் எந்த நிலையில் வேலை செய்கிறார் என்று எட்டிப்பார்த்து, அங்கே குறைவதை நிரப்பும் மனம்தான் கவனிக்க வேண்டியது. நிறுவனங்களின் முடிவுகள் மாறக்கூடியவை. டி.சி.எஸ். நிறுவனம், 2025க்குள் எந்நேரமும் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் மட்டுமே அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020 ஏப்ரலில் அறிவித்தது. அதே நிறுவனம் 2023 அக்டோபர் முதல் ஊழியர்களை அலுவலகத்துக்கே திரும்ப வரச்சொன்னது. திட்டம் எப்படி மாறினாலும் உழைப்பவரின் மாண்பு மாறாது.

எவையெல்லாம் வைக்கோல்?

முதலாவது, கருவி. கணினி, இணையம், மின்சாரம், முதுகு வலிக்காத ஒரு நாற்காலி. அலுவலகத்தில் நிறுவனம் ஏற்ற செலவு, வீட்டில் ஊழியரின் தலையில் விழுந்துவிடக்கூடாது. போர்த்துக்கல் நாடு 2021இல் இதைச் சட்டமாகவே இயற்றியது. வீட்டிலிருந்து செய்யும் வேலையால் கூடும் செலவை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அச்சட்டம்.

இரண்டாவது, நேரம். அலுவலகத்துக்கு ஒரு வாசல் உண்டு. அதைத் தாண்டி வெளியே வந்தால் வேலை முடிந்தது. வீட்டுக்குள் வந்த வேலைக்கு அந்த வாசல் இல்லை. இரவு 10 மணிக்கும் கைபேசி ஒலிக்கும். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் வந்த பக்கவாதம், இதயநோய் காரணமாக 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டு அறிவித்தன. ஓய்வு சோம்பேறிகளின் சலுகை அல்ல. அது உயிர் காக்கும் கட்டளை.

மூன்றாவது, துணை. ஒரே அறைக்குள் திரையைப் பார்த்தபடி மாதக்கணக்கில் இருந்தவர்களைத் தனிமை வாட்டியது. பெண்களுக்குச் சுமை இரட்டிப்பாயிற்று. ஒரு பக்கம் அலுவலகக் கூட்டம், மறுபக்கம் அடுப்பு, நடுவில் பிள்ளையின் இணையவழி வகுப்பு. வேலை முடிந்ததா என்று மட்டும் கேட்காமல், வீட்டில் எல்லாரும் சுகமா என்றும் கேட்ட மேலாளர்களை ஊழியர்கள் இன்றும் மறக்கவில்லை.

நான்காவது, துயரத்தில் கைகொடுத்தல். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் கொடுமைக்கிடையே, டாட்டா ஸ்டீல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கொரோனாவால் இறந்த தன் ஊழியருக்கு 60 வயது ஆகியிருக்கும் காலம் வரை, அவர் கடைசியாகப் பெற்ற சம்பளம் குடும்பத்துக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்றது. இறந்தவரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டுக் கணக்கை முடிப்பது எளிது. அவர் விட்டுச்சென்ற குடும்பத்தைக் கணக்கில் வைத்திருப்பதே நீதி.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத வேலை

நம் பகுதியில் இந்தச் சிந்தனை இத்துடன் முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்று வட்டாரத்திலும் இரும்பு உருக்கி, கம்பி இழுத்து, உதிரிபாகம் வார்த்துப் பிழைப்பவர்கள் பல்லாயிரம் பேர். உலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஒரே குடும்பத்தில் மகள் கணினி முன் அமர்ந்து சம்பளம் வாங்க, தகப்பன் ஆலை மூடியதால் வெறுங்கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த காட்சி நம் பங்குகளுக்குப் புதிதல்ல.

ஊரடங்குக் காலச் சம்பளத்தைப் பிடித்தமின்றிக் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 29இல் ஆணையிட்டது. மே 18 முதல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில், ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்த வெளிமாநிலத் தொழிலாளர்களில் பலருக்கு யாரிடம் சம்பளம் கேட்பது என்றே தெரியவில்லை. ஒடிசாவும் பீகாரும் நோக்கிப் பலர் நம் ஜி.என்.டி. சாலையில் வெயிலில் நடந்தார்கள். தொழிலாளர்களைச் சொந்த ஊருக்கு அழைத்துச் செல்லும் முதல் சிறப்பு ரயில் 2020 மே 1இல், தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. அன்று தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் ஏற்படுத்திய விழா அது.

அதே ஆண்டு மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் தனியே நின்று திருத்தந்தை பிரான்சிஸ் உலகுக்காக மன்றாடினார். மருத்துவர்கள், செவிலியர்களோடு, கடைப் பணியாளர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் வாகனம் ஓட்டுபவர்களையும் அவர் நினைவுகூர்ந்தார். நாம் வீட்டிலிருந்து வேலை செய்ய முடிந்ததற்குக் காரணம், வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத அவர்கள் வெளியே போனதே.

நாசரேத்தின் பட்டறை

வீட்டில் வேலை செய்வது கிறிஸ்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. நாசரேத்துத் தச்சரின் வீட்டில்தான் இயேசு உழைப்பைக் கற்றார். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியர் வீட்டில் தங்கிய பவுல் அவர்களோடு கூடாரம் செய்தார் (திப 18:1-3). அந்தத் தம்பதியரின் வீட்டில் திருச்சபையும் கூடியது (1 கொரி 16:19). தொழிலுக்கும் செபத்துக்கும் ஒரே கூரை. வேலை வீட்டுக்குள் வரலாம். ஆனால் அது வீட்டை விழுங்கிவிடக்கூடாது. பார்வோனின் கோபம் எங்கே தொடங்கியது என்பதை நினைவில் கொள்வோம். மக்கள் வழிபாட்டுக்கு நேரம் கேட்டபோதே தொடங்கியது. அதனால்தான் அடிமைத்தனத்திலிருந்து மீட்ட இறைவன், மகன், மகள், வேலையாள், அந்நியர், கால்நடை என்று எல்லாருக்குமாக ஓய்வு நாளைக் கட்டளையாக்கினார் (விப 20:8-11).

1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் நியாயமான கூலியையும் ஓய்வையும் தொழிலாளரின் உரிமையாக எடுத்துரைத்தார். 1981இல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலில் திருத்தந்தை 2ஆம் ஜான் பால், உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்புக்காக அல்ல என்று போதித்தார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, செயற்கை நுண்ணறிவு வேலைகளை மாற்றிவரும் இக்காலத்தை மனதில் கொண்டே அந்தப் பழைய லியோவின் பெயரைத் தேர்ந்ததாகக் கூறினார். கொள்ளைநோய் ஓய்ந்தாலும் வேலை மாறிக்கொண்டே இருக்கிறது. வைக்கோல் பற்றிய கேள்வியும் ஓயவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாளிகளுக்கு மட்டும் போதித்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

தொழிலாளர் வைப்பு நிதி உறுப்பினர் ஒருவர் பணியில் இருக்கும்போது எக்காரணத்தால் இறந்தாலும், அதனோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் அவர் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2021இல் அறிவித்த திட்டத்தின்படி, தகுதியுள்ள உறுப்பினர் கொரோனாவால் இறந்திருந்தால், அவருடைய சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு குடும்பத்துக்கு ஓய்வூதியமாகக் கிடைத்தது. தெரியாமலேயே பல குடும்பங்கள் இத்தகைய உரிமைகளை இழக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அன்பியத்திலும் விவரம் அறிந்த ஓர் இளைஞர், வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் வைப்பு நிதி எண் இருக்கிறதா, வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளரையும், மொழி தெரியாத வெளிமாநிலத்தாரையும் விட்டுவிடாமல் விசாரிக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கும் இல்லங்களில், அவர்கள் சும்மா வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று எண்ணாதிருப்போம். மாலையில் ஒரு நேரம் குறித்துக் கணினியை மூடி, குடும்ப செபமாலைக்கும் உணவுக்கும் ஒன்றாக அமர்வோம். நம்மில் சிலரும் முதலாளிகளே. வீட்டு வேலைக்கு வரும் அக்காவை ஊரடங்கில் வரவேண்டாம் என்றபோது சம்பளத்தைக் கொடுத்தோமா? பிடித்துவைத்த கூலி ஆண்டவரின் காதில் கூக்குரலிடுகிறது என்கிறார் புனித யாக்கோபு (யாக் 5:4).

சிந்திக்க:

1. என்னிடம் வேலை செய்பவரிடம் நான் செங்கல்லை மட்டும் கேட்கிறேனா, வைக்கோலையும் தருகிறேனா?

2. என் இல்லத்தில் வேலை முடியும் நேரம் என்று ஒன்று உண்டா?

3. பெருந்தொற்றில் உழைப்பவரை இழந்த குடும்பம் எங்கள் அன்பியத்தில் எது? அதை நாங்கள் கடைசியாகச் சந்தித்தது எப்போது?

செபம்: உழைப்பாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரே, ஆலைக்குப் போகிறவர்களையும் வீட்டிலிருந்து உழைப்பவர்களையும் வேலையின்றித் தவிப்பவர்களையும் உம் திருமகனிடம் ஒப்படையும். நியாயமான கூலியும், நிறைவான ஓய்வும், ஒன்றாக அமர்ந்து உண்ணும் இல்லமும் எல்லாருக்கும் கிடைக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.